மடத்துச் சாவி

ப்ரோனா: ஏணியைப் பிடிச்சிருக்கேன். பாத்து ஏறுங்க, டோனல்.

டோனல்: ஒரு வருஷமா திங்கக்கிழமை தவறாம ஏறுறேன். இன்னிக்கு என்ன புதுசா…

ப்ரோனா: இன்னிக்குத்தானே உங்க ஒரு வருஷச் சோதனைக்குக் கடைசி நாள். விரிசல்மேல நீங்க ஒட்டின கண்ணாடி உடைஞ்சிருந்தா?

டோனல்: சுவர் நகருதுன்னு அர்த்தம். இந்தப் பழைய மடத்தை ஒரேயடியா மூடச்சொல்லி ஆபீஸுக்கு எழுதணும்.

ப்ரோனா: நம்ம ஊர்க் கோட்டையை மூடின மாதிரி. ஆறே மாசம்னாங்க. ஒம்பது வருஷமா காக்காதான் குடியிருக்கு.

டோனல்: அதை நான் மூடலைங்க!

ப்ரோனா: வர்ற ஞாயித்துக்கிழமை வருஷப் பூசை இங்கதான்னு ஊரே நம்பிட்டிருக்கு. கூரை இல்லாட்டி என்ன, குடை இருக்கு. போன வருஷம் பூசையே நின்னுபோச்சு. உள்ள இருக்கிற எங்கப்பா கல்லறைக்கு வேலிக்கு வெளியில நின்னு ஜெபம் சொன்னேன்.

டோனல்: மடத்துச் சாவி உங்க வீட்டு ஆணியிலதானே தொங்குது? உள்ள போயிருக்கலாமே.

ப்ரோனா: 'ஆபத்து'ன்னு போர்டு எழுதி மாட்டினது யாராம்?

டோனல்: நான்தான். கண்ணாடிகிட்ட வந்துட்டேன்.

ப்ரோனா: என்ன, உடைஞ்சிருக்கா?

டோனல்: இருங்க… குறுக்க ஒரு கோடு தெரியுது.

ப்ரோனா: மாதாவே!

டோனல்: துடைச்சுப் பாக்குறேன்… வந்துருச்சு. காக்கா எச்சம்.

ப்ரோனா: ஏணியை உலுக்கிருவேன்!

டோனல்: முழுசா இருக்கு, ப்ரோனா. சுவர் ஒரு மயிரிழைகூட நகரலை.

ப்ரோனா: அப்போ… பூசை?

டோனல்: உண்டு. குடையைத் தேடி வைங்க.

ப்ரோனா: பழைய சிமெண்டை எல்லாம் சுரண்டிட்டு நீங்க சுண்ணாம்பு பூசினப்ப, சுவரையே தள்ளப்போறான்னு திட்டினேன்.

டோனல்: திட்டிக்கிட்டே டீயும் குடுத்தீங்க.

ப்ரோனா: சாவி கேட்டு வந்து நிக்கிறவருக்கு வேறென்ன குடுக்கிறது? ம்… இனிமே யாரு வந்து கேக்கப்போறா.

டோனல்: ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

ப்ரோனா: ஏணி என் கையில இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.

டோனல்: கண்ணாடியை மாசம் ஒரு தடவை பாத்திருந்தாலே போதும். அப்புறம்… முதல் நாளே ஆபீஸ்ல எனக்குன்னு தனிச்சாவி குடுத்துட்டாங்க.

ப்ரோனா: தெரியும். நவம்பர்ல உங்க மழைச்சட்டையை அடுப்புக்கிட்ட காயப்போட்டேனே, அப்பவே பையிலேர்ந்து விழுந்துச்சு. எடுத்து உள்ளயே போட்டுட்டு, டீ வெச்சேன். இறங்கி வாங்க, ரொட்டி ஆறுது.