முத்திரை விழாத கொடி

சுடலைராஜ்: இதுலயும் இல்ல... ஏட்டி முப்பிடாதி, இந்தக் கட்டுலயும் இல்லட்டி!

முப்பிடாதி: எது இல்ல?

சுடலைராஜ்: கொடி ஸ்டாம்புதான். பத்தான்கோட்ல இருந்து நான் உனக்குப் போட்ட லெட்டர் நாப்பத்தி மூணு. எண்ணிட்டேன். ஒண்ணுலகூட ஸ்டாம்பக் காணோம். மூலையில சதுரமா வெளுத்துக் கெடக்கு.

முப்பிடாதி: பழைய காயிதம்தான... சாரல் ஈரத்துல பசை விட்டிருக்கும்.

சுடலைராஜ்: பசை விட்டா ட்ரங்குப் பொட்டிக்குள்ளதான கெடக்கணும்? கால் முளைச்சு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிட்டாக்கும்?

முப்பிடாதி: அங்கயும் தண்ணி ஜாஸ்தின்னு இன்னைக்கு யாரையும் விடலையாம். நீங்க மொதல்ல சட்டையப் போடுங்க. எட்டரைக்கு ஸ்கூல்ல சுதந்திர தினக் கொடியேத்து. சீப் கெஸ்ட் பனியனோட பொட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்காரு.

சுடலைராஜ்: சட்டையில மெடலக் குத்திட்டியா?

முப்பிடாதி: ரெண்டையும் குத்தியாச்சு.

சுடலைராஜ்: வரிசையாக் குத்தினியா? எது மொதல்ல வரணும்னு இருக்கு.

முப்பிடாதி: எது மொதல்ல வந்தா என்ன? ஒண்ணு சுதந்திரப் பொன்விழாவுக்கு மிலிட்டரில இருந்த எல்லாருக்கும் குடுத்தது. இன்னொண்ணு ஒம்பது வருசம் ஓடிப்போகாம இருந்ததுக்குக் குடுத்தது. நீங்கதான சொன்னிய.

சுடலைராஜ்: அது வீட்டுக்குள்ள சொன்னது. ஸ்கூல்ல வந்து சொல்லிறாத.

முப்பிடாதி: நான் ஏன் சொல்லுதேன்... இருபது வருசமும் மிலிட்டரி போஸ்டாபீஸ்ல உக்காந்து கடுதாசிக்கு சீல் குத்தினாருன்னும் சொல்ல மாட்டேன்.

சுடலைராஜ்: ஏன், அதுவும் மிலிட்டரிதான்! துப்பாக்கிய நானும் சுட்டிருக்கேன். ட்ரெயினிங்ல. அது தோள்ல இடிச்சு ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன். அதுக்கப்புறம் துப்பாக்கியும் என்னையத் தேடல, நானும் அதத் தேடல.

முப்பிடாதி: போன வாரம் டீக்கடையில இசக்கியப்பன் அண்ணன் கேட்டாராம்லா... ‘வலது தோள் எறங்கியிருக்கே, குண்டு பட்டதா’ன்னு?

சுடலைராஜ்: கேட்டான்.

முப்பிடாதி: நீங்க என்ன சொன்னிய?

சுடலைராஜ்: ஒண்ணும் சொல்லல. பெருமூச்சு விட்டேன். அவனா டீக்குக் காசு குடுத்துட்டான்.

முப்பிடாதி: சீல் குத்திக் குத்தி எறங்கின தோளுக்கு ஓசி டீ!

சுடலைராஜ்: ஒரு நாளைக்கு நாலாயிரம் குத்துட்டி. நீ குத்திப் பாரு தெரியும்... சவத்த விடு. இப்போ ஸ்டாம்புக்கு என்ன செய்ய? நூருன்னிசா டீச்சர்ட்ட வாயக் குடுத்திருக்கேன். நாட்டு நாட்டுக் கொடி ஸ்டாம்பு எல்லாம் ஒட்டிக் கண்காட்சி வைக்கோம்னு சொன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம்லா... ‘எங்கிட்ட எல்லையில இருந்து வந்த கொடி இருக்கு, முத்திரையே விழாதது’ன்னுட்டேன்.

முப்பிடாதி: பத்தான்கோடு எல்லையா?

சுடலைராஜ்: எல்லைக்குப் பக்கத்துல. பஸ் உண்டு.

நூருன்னிசா: அண்ணாச்சி... கதவு தெறந்து கெடக்கு, வரலாமா?

முப்பிடாதி: வா நூருன்னிசா. ஸ்கூலு சோடிச்சாச்சா?

நூருன்னிசா: எல்லாம் ஆச்சுக்கா. அண்ணாச்சி, போர்டு எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா! அறுபது நாட்டுக் கொடி ஸ்டாம்பு பிள்ளைக ஒட்டியிருக்கு. நடுவுல நம்ம கொடிக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்கோம். கீழ ‘எல்லையிலிருந்து வந்த மூவர்ணம்’னு ஜிகினாவுல எழுதியாச்சு.

சுடலைராஜ்: ஜிகினாவுலயா?

நூருன்னிசா: ஆமா. மேல உங்க வாசகத்தத்தான் எழுதியிருக்கு. போன வாரம் சொன்னியல்லா... ‘கம்பத்துல ஏறுற கொடி நின்ன இடத்துல நிக்கும், கடுதாசியில ஒட்டின கொடிதான் நாட்டுல ஒவ்வொரு வாசலுக்கும் நடந்து போகும்’னு. எட்டாங்கிளாஸ் பிள்ளைக அத மனப்பாடமே பண்ணிட்டு.

சுடலைராஜ்: அது... ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா.

நூருன்னிசா: ஹெட்மாஸ்டர் அப்படியே உருகிட்டாரு. அது ஏன் அண்ணாச்சி அதுல மட்டும் முத்திரை விழல?

சுடலைராஜ்: சீல் குத்துதவனே நான்தான... கொடி மேல கருப்பு மையக் குத்த எனக்குக் கை வராது. பக்கத்துல வெறும் இடத்துல குத்திட்டு விட்டுருவேன். பட்டாளத்துக்காரன் லெட்டருக்கு ஸ்டாம்பே வேண்டாம், ஓசிதான். நானா ஒட்டுதது. லீவுல வரும்போது தென்காசில தாள் தாளா வாங்கிட்டுப் போவேன்.

நூருன்னிசா: அல்லா... கேக்கவே புல்லரிக்கி. அந்த லெட்டரத் தாங்க, நான் பத்திரமாக் கொண்டு போறேன்.

முப்பிடாதி: அது... மேல இருக்கு. எடுக்கணும்.

சுடலைராஜ்: ஆமா, மேல இருக்கு.

நூருன்னிசா: அப்போ எடுத்து வைங்க. கொடிக்குள்ள வச்சு முடிய உதிரிப்பூ வாங்கணும். கடைக்குப் போயிட்டு அதே ஆட்டோவுல வந்து உங்களையும் ஏத்திக்கிடுதேன். சீசன் கூட்டத்துல வண்டி நகராது, ரெடியா இருங்க.

முப்பிடாதி: சரி, பைய போயிட்டு வா.

சுடலைராஜ்: ...போயிட்டாளா?

முப்பிடாதி: போயிட்டா.

சுடலைராஜ்: மேல என்னட்டி இருக்கு? ஓடுதான் இருக்கு.

முப்பிடாதி: நீங்களும்தான ஆமான்னிய.

சுடலைராஜ்: ஏட்டி, என் மூஞ்சியப் பாரு. ஸ்டாம்பு எங்க?

முப்பிடாதி: ...கிழிச்சுட்டேன்.

சுடலைராஜ்: கிழிச்சியா!

முப்பிடாதி: கிழிக்கல. உரிச்சேன். தண்ணியில ஊறப் போட்டா தன்னால எந்திச்சு வரும். கண்ணாடியில ஒட்டிக் காய வச்சா புதுசு மாதிரி ஆயிரும். முத்திரைதான் விழலையே... நல்ல ஸ்டாம்ப வீணாப் போடவா சொல்லுதிய? ரெண்டு சோத்துப் பருக்கைய நசுக்கி ஒட்டினா அது பாட்டுக்குப் போகும்.

சுடலைராஜ்: தபால் சட்டப்படி இது என்ன தெரியுமா? குத்தம். உள்ள தூக்கிப் போடலாம்.

முப்பிடாதி: போடச் சொல்லுங்க. முத்திரை குத்தாம விட்டவரு எந்த ரூம்ல இருப்பாராம்?

சுடலைராஜ்: ...பக்கத்து ரூம்ல.

முப்பிடாதி: பெறவு என்ன.

சுடலைராஜ்: எனக்கு எழுதினதுல எல்லாம் அதத்தான ஒட்டியிருந்த? அதான் முண்டு முண்டா இருக்கும். தடவிப் பாப்பேன், சோறு. நான் பொத்திப் பொத்தி அனுப்பின கொடிய இந்த மேலகரம் போஸ்டாபீஸ்ல நாலு குத்து குத்தி, மூஞ்சியெல்லாம் கரியப் பூசித் திருப்பி அனுப்புவானுவ.

முப்பிடாதி: உங்களுக்கு அப்பவே தெரியுமா?

சுடலைராஜ்: சீல் குத்துதவனுக்குச் சோத்துப் பருக்கை தெரியாதா? ஆனா நாப்பத்தி மூணுல ஒண்ணாவது விட்டு வச்சிருப்பன்னு நெனச்சேன்... எனக்கு இவ்வளவு லெட்டர் வரலையே. பாதியக் காணோமே?

முப்பிடாதி: சிவகிரிக்கு எங்க அம்மைக்குப் போட்டேன்.

சுடலைராஜ்: அவ்வோளுக்கு வாசிக்கத் தெரியாது.

முப்பிடாதி: அதனால எழுதக் கூடாதா?

சுடலைராஜ்: முப்பிடாதி...

முப்பிடாதி: சட்டையப் போடுங்க. நேரமாச்சு.

சுடலைராஜ்: பட்டன நீயே மாத்திப் போட்டு விட்டுட்டு என்னையச் சொல்லுத. உன் நெனப்பு எங்கட்டி இருக்கு?

முப்பிடாதி: இன்னைக்கு மைக்கில என்ன பேசப் போறிய?

சுடலைராஜ்: எப்பவும் பேசுததுதான். கொடி, காந்தி, கார்கில்.

முப்பிடாதி: கார்கில்ல என்ன சொல்லுவிய?

சுடலைராஜ்: தெரியாத மாதிரிக் கேக்கா... ‘மேல போற லிஸ்டுல என் பேரு மொத ஆளா இருந்துச்சு. பெட்டி கட்டி ரெடியா நின்னேன். எவனோ ஒருத்தன் உள்ள பூந்து என் பேர அடிச்சுட்டான். இல்லேன்னா நான் இந்தக் கொடியப் போர்த்திக்கிட்டு ஊர் வந்திருப்பேன்’. அந்த எடத்துல கை தட்டுவாங்க. கொஞ்சம் நிறுத்தணும்.

முப்பிடாதி: இந்த வருசம் அதச் சொல்லாதிங்க.

சுடலைராஜ்: ஏன், அதுதானட்டி பேச்சே. அத எடுத்துட்டா மிச்சம் இருக்கது வணக்கமும் நன்றியும்தான்.

முப்பிடாதி: வருசா வருசம் முன் வரிசையில உக்காந்து கேக்கேன். ‘எவனோ ஒருத்தன்’னு நீங்க சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலை தன்னால குனிஞ்சிரும். இருபத்தஞ்சு வருசமாச்சு... இனிமே முடியாது.

சுடலைராஜ்: என்னட்டி சொல்லுத?

முப்பிடாதி: எவனோ ஒருத்தன் இல்லங்க. நான்தான். உங்க மேஜருக்கு எழுதினேன். ஆறு லெட்டரு. என் வீட்டுக்காரர அனுப்பாதிங்கன்னு. அட்ரஸ் எனக்கு என்ன தெரியும்... உங்க அட்ரஸப் பாத்தே வரைஞ்சு, உங்க பேருக்குப் பதிலா மேஜர் சார்னு போட்டேன். கொடி ஒட்டியிருந்தா மரியாதையாப் பிரிச்சுப் பாப்பாருன்னு நல்லதாத் தேடி ஒட்டினேன். வெளிய கொடி... உள்ள இப்படி எழுதுதோமேன்னு கை கூசுச்சு. அப்பவும் ஒட்டினேன். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு, கார்கில்ல செத்த பையனக் கொடி போர்த்திப் பொட்டியில கொண்டு வந்து எறக்கினாங்க. பாத்துட்டு வந்து அன்னைக்கு ராத்திரியே மொதக் கடுதாசி எழுதினேன். கொடின்னா எனக்கும் மரியாதைதான். ஆனா அது உங்க மேல போர்த்தி வர வேண்டாம்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.

சுடலைராஜ்: ம்.

முப்பிடாதி: பெறவு உங்களுக்குப் பதிலாப் போன அந்தப் போஸ்லே அண்ணன், ரெண்டு கால் வெரலப் பனியில விட்டுட்டு வந்தாருன்னு நீங்க சொன்னியல்லா, அன்னைக்கு நான் சோறு திங்கல. தலைவலின்னு சொன்னேன்.

சுடலைராஜ்: தெரியும்.

முப்பிடாதி: ஏசுங்க. எதையாவது சொல்லுங்க. ஊரு முழுக்க வீரன்னு பேரு எடுக்க வேண்டிய மனுசன சீல் குத்த வச்சது நான்தான்...

சுடலைராஜ்: அழாத. மெடல்ல படுது, துருப் பிடிக்கும்.

முப்பிடாதி: கேலி வேண்டாம். நெசமாக் கோவம் இல்லையா?

சுடலைராஜ்: என்ன எழுதின அதுல?

முப்பிடாதி: இப்போ எதுக்கு?

சுடலைராஜ்: சொல்லேன்.

முப்பிடாதி: ‘ஐயா அவர்களுக்கு, என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். சொன்ன வேலையச் செய்வார். ஆனா தீவாளிக்கு வெடி போட்டாலே கட்டிலுக்கு அடியில போயிருவார்...’

சுடலைராஜ்: ‘காதுல ரெண்டு நாளைக்குப் பஞ்சு வச்சிருப்பார். மாடு முட்ட வந்தா என்னைய முன்னால விட்டுருவார்.’

முப்பிடாதி: ஆமா... இருங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சுடலைராஜ்: ஆட்டோச் சத்தம் கேக்கு பாரு. டீச்சர் வந்துட்டா.

முப்பிடாதி: அது வேற ஆட்டோ. எப்படித் தெரியும்?

சுடலைராஜ்: வர்ற தபால் எல்லாம் என் மேசையிலதானட்டி ஆள் வாரியாப் பிரியும். மேஜர் சார்னு போட்டு உன் கோழிக்கிறுக்கல் எழுத்து. மூலையில கொடி. தடவினேன், சோத்துப் பருக்கை.

முப்பிடாதி: பிரிச்சுப் பாத்தியளா?

சுடலைராஜ்: ஆபீசர் தபாலப் பிரிக்கதா? என்னைய அங்கனையே சுட்டிருப்பான். அப்படியே கொண்டு போய் அவர் மேசையில வச்சேன்.

முப்பிடாதி: கிழிச்சுப் போட்டிருக்கலாம்லா... உங்க கைக்கு வந்துதானே போச்சு?

சுடலைராஜ்: போட்டிருக்கலாம். ஆறு தடவையும் போட்டிருக்கலாம்.

முப்பிடாதி: ஏன் போடல?

சுடலைராஜ்: ...பயம்ட்டி. வேற என்ன. லிஸ்டுல பேரப் பாத்த அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கல. அதச் சொல்ல நாக்கு வரல. அதான் இத்தன வருசமா மைக்கப் புடிச்சுக் கத்துதேன். போஸ்லே இப்பவும் பதினஞ்சாம் தேதியான்னா போன் பண்ணி வாழ்த்துச் சொல்லுவான். மூணு தடவ அடிச்ச பெறவுதான் எடுப்பேன்.

நூருன்னிசா: அண்ணாச்சி! ஆட்டோ நிக்கி, வாங்க! ஸ்டாம்பு எடுத்தாச்சா?

சுடலைராஜ்: இந்தா வாறோம்மா! ஒரே நிமிசம்!

முப்பிடாதி: அந்தப் புள்ளைக்கு என்ன குடுக்கப் போறிய?

சுடலைராஜ்: இந்த லெட்டரத்தான். வெள்ளைச் சதுரத்தோட. பிள்ளைக கேட்டா, கொடி வேற சோலியா வெளிய போயிருக்குன்னு சொல்லுதேன்.

முப்பிடாதி: ‘எவனோ ஒருத்தன்’?

சுடலைராஜ்: அது இனி கெடையாது. வணக்கம், நன்றி, கொடியேத்திட்டு மிட்டாய்.

முப்பிடாதி: இருங்க, கையப் புடிச்சு இழுக்காதிங்க. நீங்க பிரிக்கலன்னா, உள்ள எழுதினது வரிக்கு வரி எப்படித் தெரியும்? அந்த மேஜர் சொன்னாரா? அவரு பஞ்சாபிக்காரருன்னுதான சொல்லுவிய... நான் தமிழ்லல்லா எழுதியிருந்தேன்?

சுடலைராஜ்: அந்தக் கேம்ப்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தானட்டி... ‘சுடலைராஜ், இதப் படிச்சுச் சொல்லு’ன்னு எங்கிட்டயே நீட்டினாரு. அட்டென்சன்ல நின்னு ஆறையும் நான்தான் இந்தியில சொன்னேன், கட்டிலு, பஞ்சு, மாடு ஒண்ணு விடாம... நீ ரெண்டு பிள்ளைன்னு எழுதியிருந்த. நான் நாலுன்னு சொன்னேன்.