ஓடுபாதையில் விரித்த பாவு

விமானம் வட்டமடிக்கவில்லை. நேராக இறங்குகிறது.

கிழக்கே, திருத்தணி மலைப் பக்கம், முதலில் ஒரு புள்ளி. பிறகு சத்தம். எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி இருமியது.

"உட்டுட்டு ஓடுங்க! உட்டுட்டு ஓடுங்கய்யா!"

காதர் பாய் கத்திக்கொண்டே ஓடி வருகிறார். அரக்கோணத்துக்காரர். எங்கள் ஊருக்குப் பக்கத்து யுத்த விமானத் தளத்தில் லாரி மெக்கானிக். நாங்கள் ஓடவில்லை. எப்படி ஓடுவது? எங்கள் முன்னால் நாற்பது கஜம் ஈரப் பாவு.

1944. மாசி மாதம். வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி. நாங்கள் மூன்று பேர். நைனா, அதாவது என் அப்பா. அக்கா ராஜம்மா. நான், கன்னியம்மா, அப்போது பத்தொன்பது வயது. பொதட்டூர்பேட்டை நெசவுக் குடும்பம்.

விமானம் இறங்குகிற இடத்தில் உங்களுக்கு என்னம்மா வேலை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேளுங்கள். பாவு என்பது தறியில் ஏற்றும் நீள நூல். அதைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். காய்வதற்குள் பிரஷால் வாரி இழை இழையாகப் பிரிக்க வேண்டும். நடுவில் விட்டால் எல்லாம் ஒட்டிக்கொண்டு கயிறாகிவிடும். எங்கள் தெருவில்தான் விடியும் முன்பே மிலிட்டரி லாரி வரிசை கட்டுகிறதே. ஒரே புழுதி. ஒரு பாவு அப்படியே பாழாயிற்று. நூலோ சர்க்கார் கட்டுப்பாட்டில். இந்தப் பாவுக்கு இரண்டு மாதம் வரிசையில் நின்றோம். இதுவும் போனால் வீட்டில் உலை இல்லை.

தளம் ஒரு மைல் தூரம். புதிதாகப் போட்ட சிமெண்டுப் பாதை. தூசி இல்லை. நேர்க்கோடு. காவலாளிக்கு ஒரு லுங்கி கொடுத்தோம், ஏழு மணி வரை கண்ணை மூடிக்கொண்டான். காதர் பாய்தான் எங்களுக்குத் தைரியம் சொன்னவர்.

"பிளேன் வந்தா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் எறங்கும். அதுக்குள்ள சுருட்டிகினு போயிடலாம், பயப்படாதீங்க."

இரண்டு முறை அப்படியே நடந்தது. ஒரு வட்டம். நாங்கள் சுருட்டினோம். ஓரத்தில் நின்று பார்த்தோம். அக்கா சிரித்தாள்.

ஒன்று மட்டும் தொல்லை. சிமெண்டில் முளை அடிக்க முடியாது. பாவின் ஒரு முனையைக் கட்டைவண்டிச் சக்கரத்தில் கட்டினோம். மறுமுனைக் கயிற்றை நைனா தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பார். கஞ்சி பட்டதும் அந்த முடிச்சு இறுகிவிடும்.

சத்தம் கேட்டதும் நைனா என்னைத்தான் பார்த்தார். கை முடிச்சுக்குப் போயிற்று. வட்டமடிக்கும், நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். பாதிப் பாவு இன்னும் வாரி முடியவில்லை. நான் கத்தினேன்.

"நைனா, உட்றாத! நூலு போயிடும்!"

கையை எடுத்துவிட்டார். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. அக்கா பிரஷைப் போட்டுவிட்டு நைனாவிடம் ஓடுகிறாள். முடிச்சைப் பல்லால் இழுக்கிறாள். காதர் பாய் கையில் கத்தி. நான் எதிர்ப் பக்கம் ஓடுகிறேன். என் கால் ஏன் அந்தப் பக்கம் போனது? பாவி நான், இன்றுவரை தெரியவில்லை.

"அறுங்க பாய்! அறுங்க!" அக்காவின் குரல்.

மூன்று சத்தம். சக்கரம் சிமெண்டில் தேய்ந்த கிறீச். வண்டி நொறுங்கிய மடார். பிறகு தீ, குப்பென்று. அழுகைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. மாடுகளை அவிழ்த்து மேய விட்டிருந்தோம். அவை தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

விமானியை வெள்ளைத் துணி போர்த்தித் தூக்கிப் போனார்கள். எங்களவர்கள் மதியம் வரை வெயிலில் கிடந்தார்கள். ஒரு அதிகாரி வந்தார். உங்களை உள்ளே விட்டது யார் என்று மட்டும் கேட்டார். செத்தது யார் என்று கேட்கவில்லை.

காதர் பாய்க்கு அரக்கோணத்திலிருந்து கஃபன் துணி வந்தது. எங்கள் வீட்டில் போர்த்தத் துணி இல்லை. நெசவுக்காரன் வீட்டில்! நெய்ததெல்லாம் வியாபாரியிடம் போய்விட்டது. தறியில் பாதி நெய்த லுங்கி இருந்தது. அறுத்தேன். இரண்டாகக் கிழித்தேன். நைனாவுக்கு முழங்கால் வரைதான் எட்டியது.

1948. அதே பாதையில் சிவில் விமானம் இறங்குகிறது. பந்தல். மாலை. பயணிகளுக்கு எலுமிச்சம்பழம். ஒரு பெரியவர் ஒலிபெருக்கியில் பேசுகிறார்: இந்தத் தளத்தில் போர் ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தவில்லை. கூட்டம் கை தட்டுகிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நைனா, ஐம்பத்திரண்டு வயது. அக்கா ராஜம்மா, இருபத்து நான்கு. காதர் பாய், வயது தெரியாது. அவருக்கு மூன்று பெண்கள். ஒரு வெள்ளைக்கார விமானி, மீசைகூடச் சரியாக முளைக்காத முகம், பெயர் தெரியாது. நான்கு உயிர். ஒரு கட்டைவண்டி. நாற்பது கஜம் பாவு.

நூல் மட்டும் இரண்டே மாதத்தில், சித்திரையில், மறுபடி கிடைத்தது.