வீட்டைப் பார்த்து அடிக்காத மேளம்

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... மண்ணெண்ணெய் விற்கிற விலையில் பேய்க்கும் சேர்த்து எரிக்க என்னால் முடியாது.

இரவு ஒன்பது மணி இருக்கும். உரும்பிராயிலிருந்து நல்லூருக்கு வருகிற தோட்டப் பாதை. ஆள் அரவம் இல்லை. என் சிநேகிதியின் மச்சான் சண்முகநாதன் தனியே சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாள் முதல் அந்த மனிதருக்கு ஒரே விசர், ஒரே பித்து. மிஞ்சிக் கிடக்கிற பாட்டு, மேளம் எல்லாவற்றையும் கசெற்றில் பிடித்துவிட வேண்டும். அன்று ஒரு செத்தவீட்டில் கிழவர் தம்பிஐயாவின் பறைமேளத்தைப் பதிந்திருந்தார். அந்த அடி முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி ஏது? சைக்கிளை நிறுத்தி மிதியைச் சுற்றச் சுற்ற, டைனமோவில்தான் றெக்கோடர் ஓடியது.

“தம்பி, உது வீட்டாலை சுடலைக்குப் போற அடி,” என்றார் தம்பிஐயா. “வீட்டைப் பார்த்து ஒருநாளும் அடிக்கிறேல்லை. போட்டுக் கேக்கிறதெண்டாலும் சுடலைப் பக்கம் திரும்பி நிண்டு கேளுங்கோ.”

“ஓம், ஓம்,” என்றார் இவர். படித்த மனிதர்தானே!

வீட்டில் மகள் வதனிக்குக் கடும் காய்ச்சல். வேகமாக மிதித்தார். ஆனாலும் மனம் கேட்கவில்லை... சரியாகப் பதிந்ததோ? ஹாண்டிலில் கட்டியிருந்த றெக்கோடரின் பொத்தானை அமத்தினார்.

டண்... டண்... டணக்கு டண்...

அருமையாக வந்திருந்தது. வீட்டு ஒழுங்கை முனையில் காலை ஊன்றி நின்றார். சைக்கிள் சில்லு நின்றது, டைனமோவும் நின்றது.

மேளம் நிற்கவில்லை.

மயிர் கருகும் வாடை. பின்னால், வெறுங்கால்கள்... கல்லில் சரக், சரக். ஒன்றிரண்டு பேர் இல்லை. சைக்கிளை ஓரடி உருட்டினார், அவையும் நகர்ந்தன; அவர் நின்றதும் அவையும் நின்றன.

‘ஐயோ, இதையெல்லாம் வதனியிடமா கூட்டிக்கொண்டு போகிறேன்!’

திரும்பிப் பாராமல் சைக்கிளைத் திருப்பி, நேரே சுடலைக்கு மிதித்தார். அங்கே போனதும் மேளம் தானாக ஓய்ந்தது. பின்னால் ஒருவரும் இல்லை. கசெற்றை எடுத்து, நாடாவை இழுத்து அறுத்து, சிதைத் தணலில் போட்டார். போட்டுவிட்டுக் குழந்தைபோல அழுதாராம். பிள்ளையா மேளமா என்று வந்தால் மனிதன் வேறென்ன செய்வான்?

வீட்டு வாசலில் மனைவி மகாதேவி நின்றாள்.

“காய்ச்சல் விட்டிட்டுதப்பா. ரெண்டு நாளாக் கண்மூடேல்லை. கொஞ்சம் படுக்கிறன்,” என்று உள்ளறைக்குப் போனாள்.

மகளின் நெற்றி குளிர்ந்திருந்தது. முருகா என்று பக்கத்தில் சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார்.

டண்... டண்...

விழித்தார். வதனி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியபடி. விரல்களால் கட்டில் பலகையில் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாழ்நாளில் கேட்டிராத தம்பிஐயாவின் அடி. ஒன்றும் பிசகவில்லை.

முகம், மகாதேவி படுத்திருந்த உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது.

சண்முகநாதன் மகாதேவியைக் கூப்பிட்டார். பிறகும் கூப்பிட்டார்...