சம்பந்தி வெட்டிய தொட்டி

முழங்கால் வலிக்கு வெந்நீரைப் போல மருந்து வேறில்லை. முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டாமல், நாலு பக்கமிருந்தும் நுரைத்துப் பாய்கிற வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. நாள் முழுக்க நிற்கிற உத்தியோகம் உங்களுக்கு, இன்ஸ்பெக்டர் அம்மா. ஒரு நாள் நீங்களும் இதைப் பற்றி யோசிக்க வேண்டி வரும்.

என் பெயர் கஸ்தூரிரங்கன். வயது அறுபத்தெட்டு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதுராந்தகம் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயிலில் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்தம் கொடுத்துவந்த குடும்பம் எங்களுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தில் என் பேச்சை நீங்கள் நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மகன் அத்வைத் கோவளத்தில் வீடு கட்டியபோது, என் முழங்காலை உத்தேசித்துப் பின்பக்கம் ஒரு ஸ்பா தொட்டி வைக்க ஆசைப்பட்டான். தரைக்கு மேலே வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி அல்ல. தரைக்குள் வெட்டி, கான்கிரீட் போட்டு, நீலச் சில்லு ஓடு பதித்த தொட்டி. கடலோர மண், ஐந்தடி போனால் ஊற்று பொங்கிவிடும். வந்து பார்த்த இரண்டு காண்டிராக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் சம்பந்தி முனிசாமி செய்யூரிலிருந்து தன் பொக்லைன் வண்டியோடு வந்து இறங்கினார்.

என் மருமகள் சுஜாதாவின் அப்பா அவர். வேர்க்கடலை பயிரிட்ட குடும்பம், அவர்கள் பேச்சில் மணிலா. பிறகு மண் வெட்டும் வண்டிகள் வாங்கி நன்றாக வந்துவிட்டார். அத்வைத்தும் சுஜாதாவும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. எனக்கு அந்த மாதிரி வித்தியாசங்கள் கிடையாது. செய்யூரில் அவர் வீட்டுக்குப் போய் இளநீர்கூடக் குடித்திருக்கிறேன். என் கண் முன்னால் சீவியது.

"இன்னா சம்பந்தி, நம்ம வூட்டு வேலைக்கு வெளியாளக் கூப்ட்டுகினு கீறீங்க? நான் இன்னாத்துக்குக் கீறேன்?" என்றார் முனிசாமி.

ஆறு நாள் வேலை. ஒரு பக்கம் மோட்டார் ஊற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தது. இடுப்பளவு சேற்றில் நின்று அவரே கம்பி கட்டினார், அவரே தளம் போட்டார். ஸ்பா கம்பெனி மெக்கானிக் கார்த்தி குழாய்களைப் பொருத்தியபோது பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். நான் மணிக்கொரு தரம் காபி கொடுத்தேன். அவருக்கென்று ஒரு டம்ளரை எடுத்து வைத்திருந்தேன். விருந்தாளிக்குத் தனி டம்ளர் வைப்பது எங்கள் வீட்டில் மரியாதை.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "சம்பந்தி, மழ காலத்துல மட்டும் தொட்டிய காலி பண்ணாதீங்க. அடியில ஊத்து முட்டினு கீது. மேல பாரம் இல்லன்னா தொட்டியையே தூக்கிடும்."

பராமரிப்பு முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் தண்ணீரைப் பரிசோதிப்பேன். பி.எச். ஏழு புள்ளி நான்கு, குளோரின் மூன்று. குறைந்தால் சேர்ப்பேன், கூடினால் காத்திருப்பேன். வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவேன். குழந்தையைக்கூட நான் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அத்வைத் கேலி செய்வான். அது உண்மைதான். குழந்தையை என் மனைவி சௌந்தரவல்லி பார்த்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது.

மாதம் இரண்டு முறை சம்பந்தி வருவார். தலையில் வழிய வழிய எண்ணெய், தோளில் ஒரு துண்டு. வந்ததும் நேரே தொட்டிதான். "அப்பாடா" என்று ஒரு சத்தம். பிறகு உள்ளே உட்கார்ந்தபடியே வறுத்த மணிலாக்கொட்டையைக் கொறிப்பார், எனக்கும் நீட்டுவார். இறங்குவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது ஸ்பாவின் முதல் விதி. ஆனால் பெண் கொடுத்தவரிடம் போய் 'குளித்துவிட்டு இறங்குங்கள்' என்று எப்படிச் சொல்வது? எனக்கு நாக்கு கூசியது. கடைசிவரை அவரிடம் நான் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. வேலைக்கு வருகிற வேண்டாவைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் கிளம்பிப் போனதும் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புவேன். அவ்வளவுதான் நான் செய்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

வேண்டாதான் ஒரு முறை துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். "இன்னா சார், போன வாரம் ஒங்க அக்கா வூட்டுக்காரு ஒடம்பு பூரா நல்லெண்ண தடவிகினு எறங்குனாரு. அப்ப தண்ணி மாத்தல. இப்ப மட்டும் மாத்துற?"

அத்திம்பேருக்கு வயது எண்பது. அன்றைக்குக் கொஞ்சம் குளோரின் கூடப் போட்டேன், சரியாகிவிட்டது. நல்லெண்ணெயின் மூலக்கூறு வேறு, தேங்காயெண்ணெயின் மூலக்கூறு வேறு என்று அவளுக்கு விளக்கினேன். அவள் மிச்சத் துணியைப் பிழியப் போய்விட்டாள். படிக்காதவளுக்கு ரசாயனம் புரிய வைப்பது கடினம்.

போன ஐப்பசியில் நல்ல மழை. சம்பந்தி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். வழக்கம்போலக் காலி செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டி ஒரு பக்கம் இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது. ஓடுகள் விண்டு, அடியில் மோட்டார் தண்ணீரை இழுக்கிற துளையின் மூடி உடைந்திருந்தது. மழை விட்டு ஊற்று இறங்கியதும் தொட்டியும் ஒருவாறு தன் இடத்துக்கு வந்தது. விரிசலைப் பூசி, நிரப்பிவிட்டு, கார்த்தியைக் கூப்பிட்டேன்.

பார்த்ததுமே அவன் முகம் மாறியது. "சார், இந்த மூடி இல்லாம மோட்டார் போட்டா டேஞ்சர் சார். துண்டு, முடி, முதுகு, எது பட்டாலும் இழுத்துப் புடிச்சுக்கும். நாலு பேரு சேந்தாலும் எடுக்க முடியாது. மோட்டார நிறுத்துனாத்தான் வுடும். புது மூடி வர பத்து நாள் ஆவும். அது வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது." சொன்னதோடு நிற்காமல் தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினான், 'இறங்காதீர்கள்' என்று பலகை மாட்டினான், ஸ்விட்ச் பெட்டியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். பொறுப்பான பிள்ளை. அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. சாவியை நான் பூணூலில் முடிந்துகொண்டேன். என் பெட்டிச் சாவியும் அங்கேதான் இருக்கும்.

அந்த வாரம் சம்பந்தியும் அவர் மனைவி கண்ணகி அம்மாளும் வந்தார்கள். சுஜாதாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் குறிக்க வேண்டும். தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்து அவருக்குச் சங்கடம். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சம்பந்தி, நம்ம பேரப்புள்ள பொறந்து ஒக்காற ஆரமிச்சதும் இதுலதான் எறக்கி வுடணும். ஒங்க ரத்தம் பாதி, எங்க ரத்தம் பாதி. ஒரு பக்கம் நீங்க ஒக்காருங்க, ஒரு பக்கம் நான் ஒக்கார்றேன். நடுவுல அது தண்ணிய தப்பு தப்புன்னு அடிச்சிகினு கெடக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. குழந்தைகளின் தோல் மென்மையானது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை காலை சுஜாதாவை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு அத்வைத் செங்கல்பட்டு போனான். கண்ணகி அம்மாளும் கூடப் போனார். வேண்டாவை மீன் அங்காடிப் பக்கம் கீரை வாங்கி வர அனுப்பினேன். கயிற்றை அவிழ்த்தேன். பலகையைக் கழற்றிக் கொட்டகைக்குள் வைத்தேன். பெட்டியைத் திறந்து ஹீட்டரைப் போட்டேன். முப்பத்தெட்டு வந்ததும் உள்ளே போய், "வாங்கோ சம்பந்தி, தண்ணி தயாரா இருக்கு. எறங்குங்கோ" என்று கூப்பிட்டேன்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களா கூப்ட்றீங்க?"

"நான்தான்."

மூன்று வருடத்தில் நான் அவரை ஒரு முறைகூட வாய்விட்டு அழைத்ததில்லையாம். நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர் கவனித்திருக்கிறார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஒரு நிமிசம், இதோ வந்துட்டேன்" என்று குளியலறைக்குள் போனார். ஒரு நிமிடம் அல்ல, இருபது நிமிடம். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது தலையில் எண்ணெய்ப் பசையே இல்லை. சீயக்காய் வாசனை அடித்தது. இடுப்பில் புதுத் துண்டு, கடைச் சீட்டுகூடப் பிரிக்காதது.

"சுஜாதா நேத்துதான் சொல்லிச்சு சம்பந்தி. எண்ணெயோட எறங்குனா தண்ணி கெட்டுப் பூடுமாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நம்மளுக்கு இன்னா தெரியும், பாவம், நீங்கதான கஷ்டப்பட்டுகினு இருந்தீங்க."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எண்ணெய்தான் என் குறை என்றால், அந்தக் குறை அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு விநாடி நின்றேன். ஆனால் தண்ணீரைச் சூடாக்கியாகிவிட்டது.

படியில் கால் வைத்தவர் திரும்பிக் கேட்டார். "அடி மூடி ஒடஞ்சி கெடந்துச்சே, மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் உட்கார்ந்து சாய்ந்துகொண்ட பிறகு மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் நுரைத்தது. "அப்பாடா" என்றார். முழுகி எழுவதற்காகக் குனிந்தார். துண்டின் முனை முதலில் துளைக்குள் போனது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பலமான மனிதர், இரண்டு முறை தொட்டியே அதிர்கிற மாதிரி உதைத்தார். ஒரு கை கரைக்கு வந்து தடவியது. ஸ்விட்ச் என் தோளுயரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் ஆனதைக் கடிகாரத்தில் பார்த்த பிறகு நிறுத்தினேன். விதிப்படி ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் ஊறக் கூடாது.

பிறகு பலகையை மாட்டினேன், கயிற்றைக் கட்டினேன், பெட்டியைப் பூட்டினேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். எச்சரிக்கையை மதிக்காமல் இறங்கிவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். கண்ணகி அம்மாள் தரையில் விழுந்து புரண்டபோது, நான்தான் அவர் தலைக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் மட்டும்தான், பூட்டிய பெட்டிக்குள் மோட்டார் எப்படி ஓடியது, சாவி யாரிடம் என்று கேட்டீர்கள். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன். கேட்டதற்குப் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர்மேல் எனக்குக் கோபமோ வெறுப்போ கிடையாது. நல்ல மனிதர். சுஜாதா இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அத்வைத் சொல்லி அனுப்பியிருக்கிறான். காலப்போக்கில் புரிந்துகொள்வாள். எல்லாம் அவள் குழந்தைக்காகத்தான்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். உடலை எடுத்துப் போன கையோடு, போலீஸ் வருவதற்குள் தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டது தடயத்தை அழிக்கத்தானே என்று. இல்லை, அம்மா. அப்படி எழுதாதீர்கள். திறப்பதற்கு முன்னால் முறைப்படி பரிசோதித்தேன், நோட்டில் இருக்கிறது. பி.எச். ஏழு புள்ளி நான்கு. குளோரின் மூன்று. எண்ணெய்ப் படலம் அறவே இல்லை. என் உத்தியோக காலத்தில்கூட அவ்வளவு சுத்தமான தண்ணீரை நான் பார்த்ததில்லை.

இருந்தாலும், அவர் இறங்கிய தண்ணீர் அல்லவா.