பின்னிணைப்பில் நிற்க மறுத்தவர்

தலைவர் ராஜரத்தினம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வத்தேகமவிலிருந்தும் தெல்தெனியவிலிருந்தும் மழையில் நனைந்தபடி வந்திருக்கும் அன்பர்களே! எழுத்தாளர் பரிமளம் இராமகிருஷ்ணன் மறைந்துவிட்டார். அவரோடு இருபது ஆண்டுகள் பழகிய மங்களேஸ்வரி பேசுகிறேன். எனக்கு அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமது இலக்கிய வட்டம் வெளியிட்ட நூல்களின் முன்னுரைகளைப் புரட்டிப் பாருங்கள். "தட்டச்சு செய்து உதவிய திருமதி பரிமளத்துக்கு நன்றி." எத்தனை முன்னுரைகள்! எத்தனை நன்றிகள்! உள்ளடக்கத்தில் ஒரு தடவையாவது அவர் பெயர் உண்டா? 1968 முதல் முப்பத்தொரு சிறுகதைகள் எழுதியவர் அவர்!

வெறும் தட்டச்சா செய்தார்? செல்லப்பா ஐயா முன்வரிசையில் இருக்கிறார், கேளுங்கள். அவருடைய கதை தட்டச்சாகித் திரும்பி வந்தபோது அதனுள் ஒரு துண்டுக் கடதாசி இருந்ததாம்: "எட்டாம் பக்கத்துல இந்தப் பொம்பள ஏன் அழுவுறா? அடி வாங்கியே அழாதவ, சேலை கிழிஞ்சதுக்கா அழுவா? மாத்துங்க." ஐயா மாற்றினார். பரிசும் வாங்கினார். அதை மறைக்காமல் சொல்கிற நேர்மை அவருக்கு உண்டு. வேறு யாருக்கு உண்டு?

இப்போது நம் வட்டம், சுதந்திரத்துக்குப் பிந்திய கதைகளைப் பெருந்தொகுப்பாக அச்சிடப் போகிறது. ஆண்களின் கதைகள் ஆண்டு வரிசையில். பெண்களின் கதைகள்? கடைசியில், பின்னிணைப்பாக! போன மாதம் இதை அறிவித்து வட்டம் அனுப்பிய கடிதம் கிடைத்ததும் பரிமளம் அக்கா என்னிடம் சொன்னார்: "பின்னால போயி நிக்கச் சொல்றாங்க மங்களம். நான் வரலன்னு எழுதிப் போட்டுட்டேன். கத நல்லா இல்லாட்டி தூக்கி வீசட்டும். நல்லா இருந்தா மத்தவங்களோட சேத்துப் போடட்டும்."

நேற்றுச் செத்த வீட்டில் தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனி அவ மறுக்கமாட்டாதானே, பிள்ளை. அஞ்சலியாப் பின்னிணைப்பில போட்டுவிடுவம்."

அவர் மறுக்கமாட்டார். நான் மறுக்கிறேன்! உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்றவரை, வாய் மூடிய பிறகு பின்னால் தள்ளுவதா அஞ்சலி? அதே பின்னிணைப்பில் என் கதையும் இருக்கிறது, என் தோழி எழுத்தாளர் றமீலாவின் கதையும் இருக்கிறது. இரண்டையும் திரும்பப் பெறும் கடிதத்தை இதோ இந்த மேசையில் வைக்கிறேன்.

அக்காவின் முப்பத்தொரு கதைகளையும் நாங்கள் இருவரும் நூலாக்குவோம். அதற்காகப் பெருந்தொகுப்பை விட்டுவிடுவோம் என்று எண்ணாதீர்கள். ஆண்டு வரிசை என்றால் எல்லாருக்கும் ஆண்டு வரிசைதான். அக்காவின் முதல் கதை 1968. உங்கள் முதல் கதை 1971. கொஞ்சம் தள்ளி இருங்கள், தலைவர் அவர்களே!