சித்திரை தாண்டட்டும் என்றார்கள்

பஸ் குலுங்குகிறது. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருக்கிறேன். உள்ளே அசைவு இல்லை. மாமியாரும் நானும் உத்திரமேரூரில் ஏறினோம். காஞ்சிபுரம் இன்னும் வரவில்லை. எதிரே நெல் மூட்டை வண்டி. ஹாரன் மூன்று முறை அலறுகிறது.

"யோவ், ஓரங்கட்டு! புள்ளத்தாச்சி கீது வண்டில!" கண்டக்டர் கத்துகிறார்.

1988. சித்திரை 28. காலை ஏழரை. யாருடைய டிரான்சிஸ்டரிலோ இலங்கைச் சண்டைச் செய்தி. என் கணவர் அங்கே போன இந்தியப் படையில் இருந்தார்.

முந்தைய ஆடியில் விடுப்பில் வந்தவர். ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அப்பனுக்கு ஆகாது என்பார்கள். என்னை அம்மா வீட்டுக்கு, மானாம்பதிக்கு அனுப்பினார்கள். அவர் சைக்கிளில் வந்தார். பட்டப்பகலில். அம்மா கழனிக்குப் போன நேரத்தில். ஆவணியில் புகுந்த வீடு திரும்பினேன். சில நாளில் அவர் படைக்குப் போனார்.

கடைசி மாதவிலக்கு எப்போது என்று ஊர் நர்ஸ் கேட்டார். ஆடிக் கடைசி என்றேன். உண்மையில் ஆனிக் கடைசி. கர்ப்ப அட்டையில் பொய் ஏறியது. பிரசவ நாள், வைகாசி முதல் வாரம்.

உண்மையான நாள் சித்திரை ஐந்து. அது கடந்தது. பத்து. இருபது. இரண்டு முறை நர்ஸிடம் போனேன். அட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். மாமியார் பக்கத்திலேயே நின்றார். பள்ளி இறுதி வரை படித்தவள் நான். நாள் எண்ணத் தெரியும். வாய் திறக்கவில்லை. அந்த வாயை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. கணவர் உயிருக்குப் பயந்தேனா? மாமியாரின் நாக்குக்கா? இன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மாதம் கேட்கிறார். மாமியார் முந்துகிறார்.

"இன்னா அவசரம் டாக்டரம்மா? இன்னும் நாளு கீது. வைகாசி பொறக்கட்டும். எம்புள்ள சண்டைல கீறான்."

நான் கத்தினேன். "பொய்! ஆடியிலேயே உண்டாச்சு! நாள் தாண்டிப் போச்சு!"

மாமியார் என் காலருகே துப்பினார். வெற்றிலை எச்சில். யாரும் துடைக்கவில்லை.

குழலை வைத்துக் கேட்டார்கள். துடிப்பு இருந்தது. மெதுவாக. கர்ப்பப்பை வாய் கெட்டியாக இருந்தது. பழுத்தால்தான் திறக்கும். எட்டே முக்காலுக்கு ஜெல் மருந்து வைத்தார்கள். சில்லென்றது. முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பு.

"ஒரு வாரம் முன்னாடியே வெச்சிருக்கணும்மா," என்றார் அங்கிருந்த நர்ஸ்.

இரண்டரைக்கு வலி வரவைக்கும் மருந்து கலந்த பாட்டில் ஏற்றினார்கள். சொட்டு. சொட்டு. நாலு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பச்சைத் தண்ணீர். பாசி போல. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தது. அந்த நாற்றம்.

"முக்கு! நிறுத்தாதே! முக்கு!"

ஐந்து இருபதுக்குப் பிறந்தது. அழுகை இல்லை. வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "போவட்டும். எம்புள்ள தலை தப்பிச்சிது."

வாந்தி எடுத்தேன்.

கணவர் உயிரோடு திரும்பினார். அதைத் தன் வெற்றி என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அருவருப்பு அதில்தான் அதிகம்.

இழப்பு இது. நாள் தாண்டி இரண்டு வாரம் ஆனபின் மருந்து வைத்திருக்கக்கூடிய நாட்கள், சித்திரை பத்தொன்பது முதல் இருபத்தேழு வரை, ஒன்பது. பெண் குழந்தை, ஒன்று. எடை மூன்று கிலோ நானூறு. தலை நிறைய முடி. உரிந்த உள்ளங்கால். விரலைத் தாண்டி வளர்ந்த நகங்கள், பத்து.