விசாரிக்க வந்தவர்

எனக்கு எதையும் அவசரப்பட்டு வாங்கிப் பழக்கமில்லை. மொன்றியலுக்கு வந்த முதல் மாரியில், பனிச் சப்பாத்து வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தே, பனி கரையும்வரை ஈரக் காலுறையோடு நடந்தவன் நான். வாங்கிய பிறகும், கொஞ்சம் பெரிதாக எடுத்திருக்கலாமோ என்று குழம்பிக்கொண்டிருந்தேன். துப்பாக்கியை நான் ஆத்திரத்தில் வாங்கினேன் என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் நான் இருக்கும் பேஸ்மென்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. ஒருநாள் பால் வாங்கப் போனபோது கடைக்கார அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி யதுர்ஷன், ஒருத்தர் வந்து உம்மைப் பற்றிக் கேட்டவர். தனியவோ இருக்கிறீர், எத்தினை மணிக்கு வீட்ட வருவீர், ஆரோட திரியிறனீர் எண்டு. உமக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் அண்ணனைப் பற்றியும் ஒருவர் இப்படித்தான் கடையில் விசாரித்தார். இதே கேள்விகள். அடுத்த கிழமை அண்ணன் டியூசனுக்குப் போனான், இன்னும் வரவில்லை. எங்களுடைய ஆட்கள் ஒருவனைப் பற்றி ரகசியமாக விசாரிப்பது இரண்டு காரியங்களுக்கு. மற்றது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு அந்த மனிதரை நானே கண்டேன். கம்பளித் தொப்பி, கறுப்புக் கோட், வயதானவர். பின்னேர பிரெஞ்சு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தெருவின் மறுபக்கம் நின்றார். நான் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். வகுப்பில் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். அன்றைக்கு, ஒருவர் என்னைத் தேடுகிறார் என்று எழுதினேன். டீச்சர் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, நன்று என்று போட்டிருந்தார்.

டவுன்டவுனில் நான் வேலை செய்யும் ரெஸ்டோரண்ட் சமையலறையில் றெக்ஸ் என்று மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் பாத்திரம் கழுவுகிறான். நித்திரையில்லாத என் முகத்தைப் பார்த்து அவனாகவே கேட்டான். சொன்னேன். தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றான். உள்ளங்கைக்குள் பாதி மறையும் சின்னத் துப்பாக்கி. அந்த மாதிரியைச் செய்வதைக் கொம்பனி எப்போதோ நிறுத்திவிட்டதாம்.

நான் யோசித்தேன். செய்வதை நிறுத்திய சாமானுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது. உள்ளே ஒரு கம்பிச்சுருள் களைத்துப்போயிருந்தால் தேவையான நேரத்தில் வெடிக்காது. ஆனால் புதிய பெரியவற்றை ஜாக்கெட்டுக்குள் மறைக்கவும் முடியாது. இந்த நாட்டில் இப்படிக் கைமாற்றுவதே குற்றம் என்பதும் தெரியும். பிடிபட்டால் என் அகதி வழக்கு முடிந்தது. அண்ணன் போன இடத்துக்கே என்னையும் அனுப்புவார்கள். வாங்குவதும் பயம், வாங்காமல் விடுவதும் பயம்.

"என்ன மச்சான், பொம்பிளை பாக்கிறவன் மாதிரித் திருப்பித் திருப்பிப் பாக்கிறாய்," என்றான் றெக்ஸ். "எடுக்கிறதெண்டா எடு. இல்லாட்டி விடு."

எடுத்தேன். அன்றிரவு தூங்கினேன் என்று சொன்னால் பொய். தலையணைக்குக் கீழே வைத்தால் வெடித்துவிடுமோ என்று பயந்து, அரிசி வாளிக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை காலை பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் அக்கா நிரோஜா போன் எடுத்தார்.

"டேய், கோவிக்காத. உன்ர சாதகத்தை ஒரு இடத்தில குடுத்தனான். பிள்ளைக்கு வினோஜா எண்டு பேர். நல்ல சனம். தாய்மாமன் அரியரத்தினம் எண்டவர்தான் உன்னைப் பற்றி அங்க இங்க விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சவர். கறுப்புக் கோட்டுப் போட்ட மனிசன். கண்டனியோ?"

கண்டேன் என்றேன். சுவரில் சாய்ந்து கொஞ்சம் சிரித்தேன்கூட. கலியாணத்துக்கும்தான் எங்கள் ஆட்கள் இப்படி விசாரிப்பார்கள்.

அக்கா நிறுத்தவில்லை. "எல்லாம் பிடிச்சுப்போச்சாம். உன்னோட வேலை செய்யிற ஆரோ றெக்ஸ், அவனிட்டயும் கேட்டிருக்கினம். அவன் என்னவோ சொன்னவனாம். அதைப் பற்றி உன்னோட நேர கதைக்கோணுமாம். நாளைக்கு மத்தியானம் அங்க வாறாராம். ஒழுங்கா உடுப்புப் போட்டுக்கொண்டு நில்."

றெக்ஸிடம் என்னைப் பற்றிச் சொல்வதற்குத் துப்பாக்கியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதுவரை இருந்தது ஆதாரமில்லாத பயம். இப்போது முறையான பயம். ஆகவே அரிசி வாளியைத் திறந்தேன்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் நின்றேன். பனி குவிந்து கிடந்தது, ஒருவரும் இல்லை. அவர் ஒரு கேக் பெட்டியோடு வந்தார். வழுக்கிவிடும் என்று மெல்ல மெல்லக் கால் வைத்தார்.

"தம்பி, குளிருக்குள்ள ஏன் வெளியில நிக்கிறீர்?"

"உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"ஒரு விசயம் கேக்கோணும். ஒளிக்காமல் சொல்லும். றெக்ஸ் சொன்னவன்..."

ஜாக்கெட் பைக்குள் இருந்தபடியே அது நன்றாகவே வெடித்தது. கம்பிச்சுருளைப் பற்றி நான் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

அவர் பனியில் உட்கார்ந்தார். விழுந்தார் என்று சொல்ல முடியாது, உட்கார்ந்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என்னை நோக்கி நீட்டினார். "பயப்படாதையும் தம்பி," என்றார். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

பெடியன் நித்திரையில்லாமல், எதற்கோ பயந்துபோய்த் திரிகிறான், பெரியவர்கள் யாராவது அவனோடு கதைத்தால் நல்லது. றெக்ஸ் இவ்வளவுதான் சொன்னான் என்கிறீர்கள். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்கிறீர்கள். நான் நம்புகிறேன். இங்கே உட்கார்ந்து அதையும் யோசித்துப் பார்த்தேன். அவர் என் பயத்தைப் பற்றித்தான் கேட்க வந்திருக்க வேண்டும்.

ஆனால் இரண்டாவது தடவை நான் சுட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்போது அவர் துப்பாக்கியைப் பார்த்துவிட்டார்.